தோற்கிற அணியோடு ஒரு ஜூலை 4

அன்புள்ள சார்,

ஜூலை 4 விடுமுறை மூன்று நாளும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோவில் பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் ஆட்டம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மூன்று ஆட்டத்திலும் தோற்றார்கள், ஒரு ரன் கூட எடுக்கவில்லை, ஆனாலும் நல்ல விடுமுறை என்று முடித்திருந்தீர்கள். அப்போதே கேட்க நினைத்தேன். நாங்கள் பிட்ஸ்பர்க் வந்து ஐந்து வருடம் ஆகிறது, மன்ரோவில்லில் இருக்கிறோம். ஆபீஸ், வீடு, சனிக்கிழமை பென் ஹில்ஸ் பெருமாள் கோயில், இதைத் தாண்டி எனக்கு ஊர் தெரியாது. மகனுக்கு 9 வயது. கிறிஸ்துமஸுக்கு பைரேட்ஸில் பந்து வீசுகிற ஸ்கீன்ஸின் ஜெர்சிதான் வேண்டும் என்கிறான். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ்தானே இரண்டு வருடமாக சாம்பியன், அவர்களுடைய நட்சத்திரம் ஓட்டானியின் ஜெர்சி வாங்கித் தருகிறேன் என்றேன், அழுதுவிட்டான். தோற்கிற அணியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை ஏன் வளர வேண்டும்? ஸ்கீன்ஸும் ஒருநாள் பெரிய அணிக்குப் போய்விடுவார் என்கிறார்கள். எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும், பேஸ்பால் பிடிபடவே இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ஜெர்சியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். 30ஆம் நம்பர். மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்த விடுமுறையைப் பற்றி நான் எழுதியதில் பாதிதான் இருந்தது. அதற்கு முந்தைய வாரத்தைச் சொல்லாமல் அந்த மூன்று நாளைச் சொன்னால் புரியாது. 2025 ஜூன் கடைசியில் நியூயார்க் மெட்ஸ் இங்கே வந்தார்கள், மூன்று ஆட்டத்தில் நாம் 30 ரன், அவர்கள் 4. அவர்கள் கிளம்பியதும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வந்தார்கள். 7-0, 1-0, 5-0. மூன்று ஆட்டத்திலும் அவர்களுக்கு ஒரு ரன் கூட இல்லை. ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக ஒரு ஆட்டத்துக்கு 27 அவுட். அந்த 27 அவுட்டுக்குள் ஒரே ஒரு ஆள் மைதானத்தின் மூலைகளில் இருக்கும் மூன்று பேஸையும் சுற்றி, மட்டை பிடித்த இடத்துக்கே, அதாவது வீட்டுக்கு, திரும்பி வந்தால் ஒரு ரன். மூன்று நாளும் ஒருவர் கூட வரவில்லை என்பது உங்கள் கிரிக்கெட் கணக்கில் மூன்று முறை ஆல் அவுட் 0. செவ்வாய்க்கிழமை நடந்த அந்த 1-0 ஆட்டத்தில் ஸ்கீன்ஸ்தான் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். நான் மைதானத்தில் இருந்தேன். ஆட்டம் முடிந்து பாலத்தில் திரும்பி நடக்கும்போது யார் யாரோ என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்து வெள்ளிக்கிழமை, ஜூலை 4, அணி சியாட்டிலில். 6-0 தோல்வி, எதிரணியின் கால் ராலி மட்டும் இரண்டு ஹோம் ரன், உங்கள் சிக்ஸர் மாதிரி. சனிக்கிழமை 1-0 தோல்வி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஸ்கீன்ஸ் வந்தார், ஐந்து இன்னிங்ஸ், பத்து பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது மூன்று ஸ்ட்ரைக் விழவைத்துப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார், ஒரு ரன் கொடுக்கவில்லை. அவர் வெளியேறிய பிறகு எதிரணிக்கு ஒரு ரன் கிடைத்தது, நமக்கு அது கூட இல்லை. 1-0. முதல் மூன்று நாள் எதிரிக்குப் பூஜ்யம் கொடுத்தோம், அடுத்த மூன்று நாள் நாமே வாங்கிக்கொண்டோம்.

இதை நான் பார்த்தது பக்கத்து வீட்டு அம்மாவின் ஸ்கோர் புத்தகத்தில். எழுபதைத் தாண்டியவர். டிவி இருந்தாலும் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சாய்ந்த ஒரு குட்டிச் சதுரம், அதுதான் மைதானம். ஆள் முதல் பேஸை அடைந்தால் அதில் ஒரு பக்கத்தை அழுத்தி வரைவார், இரண்டாவதை அடைந்தால் இன்னொரு பக்கம், சுற்றி வந்து ரன் ஆகிவிட்டால் சதுரம் முழுவதையும் பென்சிலால் நிரப்பிக் கறுப்பாக்குவார். ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கெல்லாம் எண் உண்டு. 6-3 என்றிருந்தால் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட். ஸ்ட்ரைக் அவுட் என்றால் கே என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசாமல் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே கே, ஆனால் முகத்தைத் திருப்பி வைத்த கே. அந்த ஞாயிற்றுக்கிழமை சியாட்டில் பக்கத்தில் பத்து கே வரிசையாக விழுந்தன, ஒவ்வொன்றையும் எழுதும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நம் பக்கத்தில் ஒன்பது பேருக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒரு சதுரம் கூடக் கறுப்பாகவில்லை. அங்கங்கே ஒரு பக்கம், இரண்டு பக்கம் வரைந்தது அப்படியே நின்றுபோயிருந்தது. அடியில் மொத்தம் 0 என்று எழுதினார். பக்கத்தைத் திருப்பி ஜூலை 7 என்று மறுநாள் தேதியைப் போட்டுவிட்டு எனக்கு இன்னொரு துண்டு தர்பூசணி வெட்டித் தந்தார்.

நல்ல விடுமுறை என்று நான் எழுதியது அதைத்தான், எஸ். தெருவில் பிள்ளைகள் விடாமல் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள், வர்ணனை பாதி கேட்கும் பாதி கேட்காது, நான் ரேடியோவைத் தூக்கிக் காதுகிட்ட வைத்துக் கேட்டு அவருக்குச் சொல்ல, அவர் எழுதுவார். சேப்பாக்கம் ஆட்டத்தை அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையில் கேட்டு வளர்ந்தவன் நான். கண்ணால் பார்க்காமல் ஒரு மைதானத்தை மனதில் கட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான். அப்புறம் ஒன்று தெரியுமா உங்களுக்கு, ரேடியோவில் முதன்முதலாக ஒரு பேஸ்பால் ஆட்டம் ஒலிபரப்பானதே இந்த ஊரில்தான், 1921 ஆகஸ்ட் 5, கேடிகேஏ நிலையம், ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம், பைரேட்ஸும் ஃபிலடெல்பியாவும். ஹெரால்ட் ஆர்லின் என்பவர் பார்த்துச் சொல்ல, ஊர் வீட்டிலிருந்து கேட்டது. ஜெயித்தது பைரேட்ஸ்தான்.

தோற்கிற அணி என்கிறீர்களே, அந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பாருங்கள். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். 2025இல் உலக சாம்பியனான டாட்ஜர்ஸ் அந்த 162இல் 69 ஆட்டம் தோற்றார்கள். எங்கள் ஆட்கள் 91 தோற்றார்கள். வித்தியாசம் 22 ஆட்டம். ஆறு மாதத்தில் வாரத்துக்கு ஒன்று கூட வரவில்லை. தோற்காத அணி பேஸ்பாலில் இல்லவே இல்லை, தினமும் ஆடுகிற ஆட்டம் இது, இன்று தோற்றால் நாளை சாயங்காலம் மறுபடி ஆட்டம். உங்கள் மகன் ஓட்டானி சட்டை போட்டாலும் 69 நாள் முகம் வாடித்தான் படுக்கப் போவான், அதுவும் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற, பள்ளிக்கூடத்தில் கூடவே உட்கார்ந்து வருத்தப்பட ஆளில்லாத ஓர் அணிக்காக. பைரேட்ஸ் தோற்றால் மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பையனும் அதையேதான் பேசுவான்.

கடைசியாக சாம்பியன் ஆனது 1979. 1993 முதல் 2012 வரை இருபது வருடம் தொடர்ந்து, வருடா வருடம், ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். 2025இல் ஸ்கீன்ஸ் சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ரன்தான் கொடுத்தார், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒரு ஓட்டு கூட மாறாமல் அவருக்குக் கொடுத்தார்கள், ஆனால் அவர் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. அவர் பந்து வீசி முடிக்கிறார், ரன் எடுக்க ஆள் இல்லை. பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, செலவு செய்கிற முதலாளி நல்ல ஆட்களைச் சேர்க்கிறார், செய்யாதவர் வளர்த்துவிட்டு விற்கிறார். மைதானத்தில் ஜனங்கள் எழுந்து நின்று "அணியை விற்றுவிட்டுப் போ" என்று கத்துகிறார்கள், நானும் கத்தியிருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது, உங்கள் மகனும் அதைக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் முதலாளி வேறு, அணி வேறு.

ஸ்கீன்ஸ் போகலாம், யார் கண்டது. போகாத ஒருவரைப் பற்றிப் பையனுக்கு நீங்களே சொல்லுங்கள். ராபர்ட்டோ கிளெமென்டே, 21ஆம் நம்பர். போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வந்தவர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசியதைப் பத்திரிகைகள் அப்படியே உச்சரிப்போடு அச்சடித்துக் கேலி செய்தன. பதினெட்டு சீசன், சரியாக 3,000 ஹிட், அதாவது பந்தை அடித்துப் பேஸை அடைந்தது அத்தனை முறை. அந்த மூவாயிரமாவது ஹிட் 1972 செப்டம்பர் 30 அன்று. அந்த டிசம்பரில் நிகரகுவாவில் நிலநடுக்கம். நிவாரணப் பொருட்களோடு விமானத்தில் அவரே கூடப் போனார், டிசம்பர் 31 இரவு விமானம் கடலில் விழுந்தது. இங்கே மைதானத்தின் வலது பக்கச் சுவர் 21 அடி உயரம், அவருக்காக. மஞ்சள் பெயின்ட் அடித்த பாலத்துக்கு அவர் பெயர், ஆட்ட நாளில் அதில் கார் விடமாட்டார்கள், ஊரே நடந்துதான் வரும். முதல்முறை போகும்போது மைதானத்துக்குப் பக்கத்துப் பார்க்கிங் லாட்டில் காரை விடாதீர்கள், டவுன்டவுனில் விட்டுவிட்டுப் பையன் கையைப் பிடித்து அந்தப் பாலத்தில் நடந்து வாருங்கள், கீழே அலிகேனி ஆறு, எதிரே மைதானம் திறந்துகொண்டு வரும்.

ஜூலை 4 என்றதும் எனக்கு இன்னொரு ஜூலை 4 ஞாபகம் வரும். முன்பெல்லாம் அந்த விடுமுறைக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடக்கும், குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறோடு போவார்கள். 1934 ஜூலை 4, இந்த ஊரின் ஹில் டிஸ்ட்ரிக்ட்டில் கிரீன்லீ ஃபீல்ட். மேஜர் லீக் என்கிற பெரிய லீக்கில் கறுப்பர்களைச் சேர்க்காத காலம், அதனால் அவர்களுக்குத் தனி லீக். பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸுக்காக சாட்சல் பேஜ் பந்து வீசினார், எதிரே ஹோம்ஸ்டெட் கிரேஸ், அதுவும் உள்ளூர் அணிதான். 17 ஸ்ட்ரைக் அவுட், ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. இரண்டு அணிக்கும் ஆடிய ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார், அந்தத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் கால் வைத்தது அதே வருடம் ஏப்ரலில். 2024இல்தான் அந்தத் தனி லீக் கணக்குகளைப் பெரிய லீக் பதிவில் சேர்த்தார்கள், சேர்த்ததும் எல்லாக் காலத்துக்குமான பேட்டிங் சராசரியில் கிப்சன் முதலிடத்துக்கு வந்துவிட்டார், .372, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 372 ஹிட் என்ற கணக்கு. ஐந்து வருடமாக அந்த வழியாகத்தான் நீங்கள் டவுன்டவுன் போய்வந்திருப்பீர்கள். அந்த மைதானத்தை 1938லேயே இடித்துவிட்டார்கள்.

ஊர் தெரியாது என்று எழுதியிருந்தீர்களே, எனக்கும் பத்து வருடம் தெரியாது. எந்தத் தெருவில் எந்த ஆலை இருந்தது, யார் அப்பா எங்கே வேலை பார்த்தார், எந்த மூலையில் ஆற்றைப் பார்க்க உட்காரலாம், எல்லாம் எனக்கு அந்தத் திண்ணையில் இன்னிங்ஸுக்கு நடுவில் கிடைத்ததுதான்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு துண்டு உண்டு, பையனுக்குப் பிடிக்கும். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு பேரை 2008இல் ஒப்பந்தம் செய்தது பைரேட்ஸ்தான். பெரிய லீக் வரை போகவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆடிய முதல் இரண்டு இந்தியர்கள் அவர்கள்.

சரி, ஜெர்சியோடு ஒரு ஸ்கோர் புத்தகமும் வாங்குங்கள், ஆன்லைனில் கிடைக்கும், சுருள் கம்பி போட்டது என்றால் மடியில் நிற்கும். இரண்டு பென்சில், ஒரு நல்ல அழிரப்பர். மார்ச் கடைசியில் சீசன் தொடங்கியதும் எழுதுங்கள், ஒரு சனிக்கிழமை கோயிலிலிருந்து நேராக இங்கே வந்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பையனுக்கு இடது கையா வலது கையா என்று கேட்டார்.