கோயில் மண்டபமா, பாலாய் ராயாவா (ஊர்ப் பொது மண்டபமா)? பிள்ளைகளுக்குப் படம் போடுவதற்கு முன்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் கோயில் இளைஞர் பகுதிச் செயலாளராக இருக்கிறேன். பள்ளி விடுமுறையில் 10 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சகிப்புத்தன்மை, ஜனநாயகம் பற்றிய படங்களைக் காட்ட நினைக்கிறோம். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பிள்ளைகளையும் அழைக்க ஆசை. என்ன படம் போடலாம்? கோயில் மண்டபத்தில் போட அனுமதி வேண்டுமா?

பதில்: எதைப் போட வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். மலாய், சீன, இந்திய மூவினப் பிள்ளைகள் கைகோத்துப் பாடி முடிகிற படம் வேண்டாம். அதைப் பள்ளிச் சபைகூடலில் ஆண்டு முழுக்கப் பார்க்கிறார்கள். "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் "ஒற்றுமையே பலம்" என்று ஒப்பித்துவிட்டு மைலோ குடிக்கப் போய்விடுவார்கள். சண்டை தீராமல் நிற்கிற படமாகத் தேடுங்கள். படம் தீர்க்காமல் விட்டதைப் பிள்ளைகள் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள்.

உங்கள் வட்டாரத்துக்குப் பாடம் சொல்லும் படம் புதிதல்ல. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் மலாயாத் திரைப்படப் பிரிவு எடுத்த படங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசிக்கொண்டு, ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளில் தோட்டம் தோட்டமாக வந்தன. நல்ல குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்று திரை சொல்லும். படம் முடிந்தால் வண்டி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். நீங்களும் அந்த வண்டியாகிவிடாமல் இருக்க, படம் ஓடும் நேரத்தைவிட அதிக நேரத்தைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள்.

முதல் நாளுக்கு 'நெய்பர்ஸ்'. கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் 1952இல் எடுத்தது. எட்டு நிமிடம்தான், ஒரு வசனம்கூட இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கும் மலாய்ப் பிள்ளைக்கும் ஒரே அளவு புரியும் என்பதே அதன் பெரிய வசதி. இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள். எல்லைக்கோட்டில் ஒரு பூ பூக்கிறது. யாருடையது என்ற தகராறில் வேலி முளைக்கிறது, வேலிக் குச்சியே ஆயுதமாகிறது, இருவரும் செத்துப்போகிறார்கள். நடுவில் மனைவி, கைக்குழந்தை மீதும் அடி விழும் காட்சி உண்டு. நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, சிறியவர்களுக்கு அதைத் தாண்டிவிடலாமா என்று முடிவு செய்யுங்கள். கடைசியில் அயலானை நேசிக்கச் சொல்லும் வரி பல மொழிகளில் வரும். அது வருவதற்குள் நிறுத்திவிடுங்கள்! பிறகு மறுபடியும் ஓட்டி, "சண்டையை எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்? அங்கே கையைத் தூக்கு" என்று சொல்லுங்கள். ஒருவன் பூவைக் கண்டதுமே தூக்குவான், இன்னொருத்தி வேலி போடும்போது தூக்குவாள். அந்த இருவரையும் பேச விடுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் நாளுக்கு 'பிளீஸ் வோட் ஃபார் மீ' என்ற 2007ஆம் ஆண்டு ஆவணப்படம். சீனாவின் வூஹான் நகரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முறையாகத் தங்கள் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டியாளர் மூவர். பெற்றோர் வீட்டில் பயிற்சி கொடுக்கிறார்கள். எதிராளியின் குறைகளைப் பட்டியல் போடுகிறார்கள். ஒரு போட்டியாளரின் பெற்றோர் வகுப்பையே ரயில் சவாரிக்கு அழைத்துப் போகிறார்கள். தேர்தல் நேரத்து அரிசி மூட்டையைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது. வாக்கெடுப்புக்கு முன் படத்தை நிறுத்தி, உங்கள் பிள்ளைகளையே சீட்டு எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எண்ணிய பிறகு மீதியைக் காட்டுங்கள். பேச்சு சீன மொழியில் என்பதால் தமிழிலும் மலாயிலும் உடனுக்குடன் சொல்ல ஓர் அண்ணனோ அக்காவோ வேண்டும். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானாலே வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் 16 வயதுப் பையனுக்கு இன்னும் இரண்டே ஆண்டு.

வயதில் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், முடிந்தால் பெற்றோரோடு, யாஸ்மின் அகமட்டின் 'டேலன்டைம்' (2009). ஈப்போவில் எடுத்தது. காது கேளாத தமிழ்ப் பையனும் மலாய்ப் பெண்ணும் விரும்புகிறார்கள். கல்யாண வீட்டு ஆரவாரமும் பக்கத்து வீட்டுத் துக்கமும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று அதில் வருகிறது. பேச்சு சூடாகும். ஆகட்டும், ஆனால் நடத்துபவர் நிதானமானவராக இருக்க வேண்டும்.

இந்தப் பேச்சு பள்ளியில் நடக்காதா என்று கேட்பீர்கள். இடைநிலைப்பள்ளியில் நம் பிள்ளைகள் நன்னெறிக் கல்விக்கு ஒரு வகுப்புக்கும், முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்கு இன்னொரு வகுப்புக்கும் போகிறார்கள். ஒழுக்கத்தைப் பேசும் அந்த நேரத்தில்தான் தனித்தனியே உட்காருகிறார்கள்.

அதனால்தான் கோயில் மண்டபம் வேண்டாம் என்கிறேன். மலாய்ப் பெற்றோர் சிலர் தயங்குவார்கள். அழைப்பை மறுக்கும் சங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. பாலாய் ராயாவைக் கேளுங்கள். சனிக்கிழமை காலை நல்ல நேரம், தொழுகையும் இடிக்காது. சன்னல்களுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டுங்கள். சாப்பாட்டுக்கு இரண்டு மேசை போடாதீர்கள். எல்லாருக்கும் பொதுவாக, ஹலால் கடையிலிருந்து சைவ மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) போதும்.

இனி அனுமதி. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தணிக்கை வாரியம் அங்கீகரிக்காத படத்தைத் திரையிடுவதையே குற்றமாக்குகிறது. கட்டணம் வாங்கவில்லை, கல்விக்காகத்தான் காட்டினோம் என்பது இங்கே கேடயமாகாது. இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூர் மண்டபம் ஒன்றில் திரையிட்டதற்காக ஒரு செயற்பாட்டாளருக்கு 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது. பதிப்புரிமை வேறு விஷயம்: லாப நோக்கமற்ற சங்கம், நுழைவுக் கட்டணம் இல்லாமல், கல்விக்காகக் காட்டுவதற்கு 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு.

ஆகவே மூன்று படங்களின் பெயர், எடுக்கப்பட்ட ஆண்டு, ஓடும் நேரம், திரையிடும் இடம், நாள் ஆகியவற்றை எழுதி, உள்துறை அமைச்சின் கீழுள்ள தணிக்கை வாரியத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். 'டேலன்டைம்' இங்கே திரையரங்குகளில் ஓடிய படம். மற்ற இரண்டுக்கும்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். எழுத்தில் பதில் வரும்வரை அழைப்பிதழ் அச்சடிக்காதீர்கள்.