எலியின் கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன்: சில கேள்விகள்

கர்ப்பிணிக்கு இடையில் சூலகத்தை அகற்ற நேர்ந்தாலும் கரு தங்கும் என்கிறார்களே, எலிக்கும் அப்படித்தானா?

இல்லை. மனிதரில் 7–9 வாரத்துக்குள், கர்ப்பத்தைத் தக்கவைக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் பொறுப்பு நஞ்சுக்கொடிக்குப் போய்விடுகிறது. எலியிலும் சுண்டெலியிலும் கடைசிவரை அதைச் சுரப்பது சூலகத்தின் கார்பஸ் லூட்டியம்தான் (கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் சுரப்பித் திசு). சூலகத்தை எடுத்தால் கரு கலைந்துவிடும். ஆனால் 'கொறித்துண்ணிகள் எல்லாம் இப்படித்தான்' என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். கினிப் பன்றியும் கொறித்துண்ணிதான். அதற்குச் சுமார் நான்கு வாரம் கடந்தபின் சூலகம் இல்லாமலும் கர்ப்பம் நீடிக்கும்.

மலட்டு ஆணோடு இணைந்த எலிக்கும் பொய்க் கர்ப்பம் (கரு இல்லாமலே கர்ப்பம் போன்ற நிலை) வருவது ஏன்?

எலியின் சினைச் சுழற்சி 4–5 நாள்தான். அதற்குள் கார்பஸ் லூட்டியம் ஒழுங்காக வேலையில் இறங்குவதே இல்லை. இணைசேரும்போது கருப்பை வாயில் ஏற்படும் தூண்டல் மூளையை எட்டியதும், மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி இரவில் ஒரு முறை, பகலில் ஒரு முறை எனத் தினமும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைப் பொழிகிறது. அது கார்பஸ் லூட்டியத்தை வேலை செய்ய வைக்கிறது. கரு உண்டானதா இல்லையா என்பது அந்தக் கட்டத்தில் மூளைக்குத் தெரியாது. ஆகவே 12–14 நாள் பொய்க் கர்ப்பம்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. புரோஜெஸ்டிரோனைச் சுரக்க வைத்தால் மட்டும் போதாது, அது அழியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 20 ஆல்ஃபா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ் (பெயர்தான் நீளம்) என்ற நொதி அதை வீரியமற்ற பொருளாக மாற்றிவிடும். அந்த நொதியை அடக்கி வைப்பது புரோலாக்டின்.

அப்படியானால் பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.எச். (லூட்டினைசிங் ஹார்மோன்) எதற்கு?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மௌத்கல் குழுவினர் எல்.எச்.-ஐச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புச் சீரத்தைக் கர்ப்பிணி எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 12ஆம் நாளுக்கு முன் சில நாட்கள் எல்.எச். தடைபட்டாலே கர்ப்பம் கலைந்தது. கார்பஸ் லூட்டியத்துக்குள் எஸ்ட்ரடையால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) உருவாக எல்.எச். உதவுகிறது, புரோஜெஸ்டிரோன் சுரப்பு தொடர அந்த எஸ்ட்ரடையாலும் வேண்டும். 12ஆம் நாளுக்கு அப்புறம் பிட்யூட்டரியையே எடுத்தாலும் கர்ப்பம் தொடரும். நஞ்சுக்கொடியின் லாக்டோஜென்கள் (புரோலாக்டின் போன்ற ஹார்மோன்கள்) புரோலாக்டினின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

பிரசவத்துக்கு முன் புரோஜெஸ்டிரோன் எப்படி இறங்குகிறது?

புரோஸ்டகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா என்ற, உடலில் உருவாகும் பொருள் கார்பஸ் லூட்டியத்தைத் தாக்கும். அதுவரை அடங்கியிருந்த, புரோஜெஸ்டிரோனை அழிக்கும் அதே நொதி தலைதூக்கும். இந்தப் புரோஸ்டகிளாண்டினுக்கான ஏற்பி இல்லாத சுண்டெலிகளால் குட்டி ஈன முடியவில்லை என்று 1997-இல் காட்டினார்கள். சூலகத்தை அகற்றியதும் ஈன்றன. பெண்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். பிரசவத்துக்கு முன் அவர்கள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் இப்படிச் சரிவதில்லை.