மேனேஜர் மேடத்தைப் பிடித்திருக்கிறது, சொல்லிவிடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. பல்லடம் பக்கம் சொந்த ஊர். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் டீம் மேனேஜர் என்னைவிட 4 வயது மூத்தவர், திருமணம் ஆகாதவர். வேலையில் ரொம்பக் கறார். போன சீசனில் ஒரு ஆர்டரில் துணியின் ஷேடு (நிறம்) மாறி, சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அப்போது முதலாளி முன்னால் பழி என் மேல் விழாமல் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது. ராத்திரி வேலையில் ‘சாப்டீங்களா’ என்று கேட்பார். நேரமாகிவிட்டால் காரில் பழைய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார். சொல்லிவிடலாமா, இல்லை வேலையை விட்டுவிடுவதுதான் நல்லதா? சரியாகத் தூக்கமே வருவதில்லைங்க.

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி. அவர் உங்களுக்கு மேனேஜராக இருக்கும் வரை சொல்ல வேண்டாம். வேலையை விடும் அவசரமும் வேண்டாம்.

பிடித்துப்போனதில் தப்பு ஒன்றும் இல்லை. சீசன் நேரத்தில் வீட்டில் இருப்பதைவிட கம்பெனியில்தான் அதிக நேரம் இருக்கிறீர்கள். கூடவே இருந்து, நம் வேலையைப் புரிந்துகொண்டு, இக்கட்டில் கைகொடுத்தவர் மேல் மனசு சாய்வது இயல்பு. ஆனால் சாய்ந்தது எதன் மேல் என்று பார்க்க வேண்டும். அந்த மனுஷி மேலா, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மேலா, இல்லை அந்த சீசனின் பதற்றத்தின் மேலா?

பதற்றத்தையும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவில் வான்கூவர் அருகே, கேபிலானோ ஆற்றுக்கு மேலே ஆடும் தொங்கு பாலத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். பாலத்துக்கு வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தார். ஆடாத, உயரம் குறைந்த இன்னொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். பிறகு அந்தப் பெண்ணுக்கு போன் செய்தவர்கள், ஆடும் பாலத்தில் நம்பர் வாங்கியவர்களில்தான் அதிகம். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சு, அந்தப் படபடப்பை எதிரில் நின்ற பெண்ணின் கணக்கில் எழுதிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இனி உங்கள் கதையைப் பாருங்கள். ஷேடு மாறிவிட்டது, விமானச் செலவு கம்பெனி தலையில், முதலாளி கோபத்தில், வேலை போகுமோ என்ற பயம். அந்த நேரத்தில் ஒருவர் குறுக்கே வந்து காப்பாற்றினால் நெஞ்சு சும்மா இருக்குமா?

துணியின் ஷேடை ஒரே வெளிச்சத்தில் பார்த்து நீங்கள் ஓகே சொல்வதில்லை. லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பீர்கள். இதையும் அப்படிப் பாருங்கள். தீபாவளிக்கு ஊரே காலியாகி, கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நாட்களில் அவர் நினைப்பு எப்படி இருந்தது? அந்த லீவில் அவரை மறந்தே போயிருந்து, திறந்த அன்று காலையில் திரும்ப ஆரம்பித்ததென்றால் அது பெரும்பாலும் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் விஷயம். இன்னொன்று, அவரைப் பற்றி நினைக்கும்போது எது திரும்பத் திரும்ப வருகிறது? உங்கள் வேலையை அவர் பாராட்டியதா, இல்லை அவர் சிரிப்பு, அவர் பேச்சு, வேலைக்குச் சம்பந்தமில்லாமல் அவர் சொன்ன ஏதோ ஒன்றா? பாராட்டுதான் என்றால் நீங்கள் தேடுவது அங்கீகாரம். அது கிடைக்கக் காதல் தேவையில்லை. நல்ல அப்ரைசல் போதும்.

இந்த வெளிச்சங்களிலும் மாறாமல் நிற்கிறது என்றால், சரி, அது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் அவர் பக்கத்தில் இருந்து ஒருமுறை பார்க்க வேண்டும். கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான்: அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை.

மேனேஜர் என்பதால் அவர் பலமானவர் என்று நினைக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பேச்சு கிளம்பினால் யார் பெயர் அதிகம் அடிபடும்? கட்டிங்கில் ஆரம்பித்து பேக்கிங் வருவதற்குள் கதை மூன்று மடங்காகியிருக்கும். மறுநாள் டையிங்காரருக்கும் பிரிண்டிங்காரருக்கும் தெரிந்திருக்கும். உங்களை ‘கில்லாடி’ என்பார்கள், அவரை என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதற்கப்புறம் உங்களுக்குக் கிடைக்கும் இன்கிரிமென்ட் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உள்ளாகும். உங்களைத் திட்டினாலும் அதற்கு ஒரு கதை கட்டுவார்கள். சம்மதத்தோடு நடந்தாலும் விலை உண்டு. 2019 நவம்பரில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் ஓர் ஊழியரோடு இருந்த உறவுக்காகப் பதவி இழந்தார். இருவரும் விரும்பியே இருந்த உறவுதான். ஆனாலும் மேலிருப்பவர் கீழே வேலை செய்பவரோடு உறவு வைக்கக்கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி.

தவிர, நீங்கள் கேட்டால் அவரால் சுதந்திரமாகப் பதில் சொல்லவும் முடியாது. வேண்டாம் என்றால், நாளைக்குக் காலையில் அதே முகத்தைப் பார்த்து லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) எங்கே என்று கேட்க வேண்டும். சரி என்றால், உங்கள் வேலையை மதிப்பிடும் தகுதியையே அவர் இழந்துவிடுவார். இப்படி ஒரு இக்கட்டில் பிடித்தவரைக் கொண்டுபோய் நிறுத்தலாமா?

‘சாப்டீங்களா’வுக்கும் கார் பயணத்துக்கும் வருகிறேன். நம் பக்கத்தில் சாப்டீங்களா என்று கேட்காதவர் யார்? கூரியர் கொண்டு வருகிறவரைக்கூடக் கேட்போம். ராத்திரி 11 மணிக்கு டீமில் இருக்கும் ஒருவரை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவது பொறுப்பான மேனேஜர் செய்யும் காரியம். அடையாளம் என்று எதையாவது எடுத்துக்கொள்வதானால், வேலை துளியும் இல்லாத நேரத்தில், அவராகவே, உங்களுக்காக மட்டும் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

அடுத்து, செய்ய வேண்டியது. டீம் மாற்றம் கேளுங்கள். ஓரளவு பெரிய கம்பெனிகளில், ஆர்டர் கொடுக்கும் பையர் வாரியாகத் தனித்தனி டீம் இருக்கும். ‘வேற பையர்கிட்டயும் அனுபவம் வேணுங்க’ என்று ஜெனரல் மேனேஜரிடம் கேட்பது ரொம்ப சாதாரணம், யாருக்கும் சந்தேகம் வராது. பொய்யும் இல்லை, உங்கள் பயோடேட்டாவுக்கும் நல்லது. மாற்றம் கிடைக்காவிட்டால், கம்பெனி மாறுவதைப் பற்றி அடுத்த சீசனில் நிதானமாக யோசியுங்கள். மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவது திருப்பூருக்குப் புதுசா என்ன? கையில் வேறு வேலை வந்த பிறகு மாறுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் மாதிரி ராஜினாமாவை நீட்ட வேண்டாம்.

அதுவரை மனசை என்ன செய்வது? நினைக்கவே கூடாது என்று மல்லுக்கட்டாதீர்கள். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் அதுதான் அதிகமாக நினைப்பில் வரும் என்பதை 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சோதித்தே காட்டியிருக்கிறார். நினைப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். நீங்களாகத் தீனி போடுவதை மட்டும் நிறுத்துங்கள். வாட்ஸ்ஆப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்று ராத்திரி பார்ப்பது, பழைய மெசேஜைத் திரும்பப் படிப்பது, வேலையே இல்லாமல் அவர் கிளம்பும் வரை உட்கார்ந்திருப்பது, இதெல்லாம்தான் தீனி. யாரிடமாவது கொட்ட வேண்டும் என்றால் பனியன் தொழிலில் இல்லாத நண்பரிடம் கொட்டுங்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் மட்டும் வேண்டாம். தூக்கமின்மை தொடர்ந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

டீம் மாறி, சில மாதம் கழிந்து, விருப்பம் அப்படியே இருந்தால் ஒரே ஒரு முறை கேளுங்கள். நேரில், பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில். கம்பெனி ரோட்டு பேக்கரி ஆகாது, அங்கே டீ ஆறுவதற்குள் செய்தி போய்விடும். ‘மேடம், உங்களைப் பிடிச்சிருக்குங்க. உங்க டீம்ல இருக்கறப்ப சொல்றது சரியில்லைன்னுதான் இவ்வளவு நாள் சொல்லலை. உங்களுக்கு அப்படி இல்லைன்னா ஒன்னுமில்லைங்க, இத்தோட விட்டுடறேன்’ என்கிற அளவு போதும். பரிசு, பூ எதுவும் வேண்டாம். இல்லை என்றாலும், பதிலே சொல்லாவிட்டாலும் அது இல்லைதான். சினிமாவில் விரட்டி விரட்டி மனசை மாற்றுகிறார்களே என்று கிளம்பாதீர்கள். விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிந்த பின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின் கீழ் முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பதவி பார்ப்பதில்லை. உங்களுக்கு மேலே இருக்கிறார் என்பதால் அவர் புகார் கொடுக்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் அதற்கென்று ஒரு உள் குழு இருந்தாக வேண்டும்.

அவர் சரி என்று சொன்னால் அடுத்தது வீடு. 4 வயது மூத்தவர் என்பதை உங்கள் அம்மா எப்படியாவது சமாளித்துக்கொள்வார். சாதி வேறாக இருந்தால்? நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் 2016-இல் உடுமலைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை வெட்டிக் கொன்றது உங்கள் மாவட்டத்தில்தான். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு, அதை அலுவலகத்தில் ஒட்டவும் செய்வார்கள், அந்த ஒரு மாதத்தை எங்கே, எப்படி, யார் துணையோடு கழிப்பது என்பது வரை யோசித்துவிட்டுத்தான் அவரிடம் வாயைத் திறக்க வேண்டும்.

ஒருவேளை அவரே முந்திக்கொண்டு கேட்டால், அப்போதும் பதில் அதேதான்: ‘முதல்ல நான் டீம் மாறிக்கறேனுங்க, அப்புறம் பேசலாம்.’ அவர் நல்லவராக இருந்தால் இதைப் புரிந்துகொள்வார். மாறாக, நீங்கள் ஒத்துக்கொள்ளாததால் வேலையில் நெருக்கடி கொடுத்தால், 2013 சட்டத்தில் புகார் கொடுக்கும் வழி பெண்களுக்கு மட்டுமே என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கம்பெனியின் எச்ஆரிடமோ முதலாளியிடமோதான் எழுத்தில் கொடுக்க வேண்டும். வந்த மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள்.