பாலாற்றில் கரைந்த கடல்

கேள்வி: உப்புக் காற்றுகூடப் படாத வட ஆற்காட்டுக்காரர்கள் நாம். கடலைப் பற்றிப் பேச நமக்கு என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உப்புக் காற்று படவில்லை, சரி. உப்பு பட்டிருக்கிறதே! கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிற நம் கிணறுகளுக்கு அது தோலோடு வந்தது. ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, உரித்த கையோடு உப்புப் போடாவிட்டால் அழுகிவிடும். உள்பக்கம் முழுக்க அள்ளி அள்ளித் தூவி, தோல்மேல் தோலாக அடுக்குவார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், அதை உதறிவிட்டு, மிச்ச உப்பு போகத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பல வருஷம் அந்த ஊறல் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் பாலாறு.

தோல் கழிவு என்றாலே எல்லோரும் தோல் பதனிடச் சேர்க்கிற குரோமியத்தைச் சொல்கிறார்கள். நான் விடாமல் சொல்லிவருவது உப்பை. குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்துவிடலாம். உப்பு அப்படிப் படியாது. தண்ணீரை வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். எடுத்தாலும் அந்த அழுக்கு உப்பை எங்கே கொட்டுவது? ஆற்றோரக் கிணறுகளில் தண்ணீர் கரிக்கிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது. பாலாற்றங்கரைக்காரர்கள் மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில்தான், கெடுத்தவரே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுக்க அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். அப்படியும் 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது!

அப்புறம், 'தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்' என்று வேலூரைச் சொல்கிறவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பழைய சண்டை உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்ப வந்து அமர்ந்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பூஜை நடக்கிறது. மேடையேறுகிறவர்கள் இனியாவது அந்தப் பாதியை விட்டுவிட வேண்டும். ஆற்றைப் பற்றிய பாதியை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. ஊருக்கு ஊர் மணலை அள்ளியவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நீங்கள் கடலைப் பார்க்கப் புறப்பட்டால் மெரினாவுக்குப் போகாதீர்கள். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூர் என்று ஓர் ஊர். பாலாறு கடலில் சேருவது அங்கேதான். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி, உங்கள் ஊர்க் கவுண்டன்யா ஆறு கரைமீறி, வீடுகளுக்குள் புகுந்ததே, அந்த வெள்ளம் பாலாற்றோடு கலந்து போன வழி அது.