செங்கோட்டைப் பக்கம் பெல்லட் கிரில் ஒத்துவருமா? எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவருக்குச் செங்கோட்டைக்கும் தென்மலைக்கும் நடுவே தோட்ட வீடு இருக்கிறது. வருகிறவர்களுக்குப் புகைக்கறி செய்துபோட மர பெல்லட்டில் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகள்) ஓடும் கிரில் ஒன்று வாங்க நினைக்கிறார். நான் புளியரைக்காரன். ஆரியங்காவில் மச்சான் நடத்தும் ஹோம்ஸ்டேயில் இப்படி ஒன்று இருக்கிறது. சனி ஞாயிறில் அதைக் கட்டி மேய்ப்பது பெரும்பாலும் நான்தான்.

முதலில் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கரி அடுப்பில் சுட்ட அந்தக் கருகல் வாசனைதான் வேண்டுமென்றால் இது வேண்டாம். சிரட்டைக் கரியும் ஒரு இரும்பு அடுப்பும் போதும், காசும் மிச்சம். பெல்லட் கிரில் என்பது புகை விடுகிற ஓவன், அவ்வளவுதான். ஹாப்பர் என்கிற பெட்டியில் கொட்டிய பெல்லட்டை ஒரு திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குள் தள்ளும். சூடேறும் கம்பி பற்றவைக்கும், ஃபேன் ஊதும், நாம் வைத்த சூட்டை கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். 110 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டால் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். மாட்டு நெஞ்சுக்கறி, பன்றித் தோள் மாதிரி மெதுவாக வேகவேண்டிய கறிக்கு அதுதான் வேண்டும்.

பிராண்டை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் ஆரிகனில் ஜோ ட்ரேகர் 1980களில் கொண்டுவந்த அமைப்பு இது. அவருடைய காப்புரிமை 2006இல் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தகடு கனமாக இருக்கிறதா, மூடி இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா, பற்றவைக்கும் கம்பி பழுதானால் மாற்று கிடைக்குமா என்று பாருங்கள். போனில் இயக்கும் வசதிக்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன். மலைக்குள் சிக்னலே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் கரண்டு. நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், கொண்டுவந்து தருகிறேன் என்பார். துபாயிலிருந்து வந்தால் பிரச்சினை இல்லை, அங்கும் நம் வோல்டேஜ்தான். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் அன்றோடு முடிந்தது. டிரான்ஸ்பார்மர் போட்டாலும் ஹெர்ட்ஸ் மாறாது என்பதால் மோட்டாரின் வேகம் மாறலாம். 230 வோல்ட் மாடலாகவே வாங்குங்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டு போவது இங்கே சாதாரணம். பாதிச் சமையலில் ஃபேன் நின்றால் கங்கு அணையாமல் திருகு வழியாக ஹாப்பர் பக்கம் பின்வாங்க வாய்ப்புண்டு. அதனால் சைன்வேவ் இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள். பற்றவைக்கும் சில நிமிடம்தான் 300 வாட் அளவுக்கு இழுக்கும், அப்புறம் ஒரு குண்டு பல்பு அளவுதான்.

இனி பெல்லட். இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. பாய்லருக்கு விற்கிற பெல்லட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அது பெரும்பாலும் 8 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிமன். கிரிலின் திருகு 6 மில்லிமீட்டர் பெல்லட்டுக்குச் செய்தது, அடைத்துக்கொள்ளும். அதோடு பிளைவுட் தூளும் பசையும் கலந்திருக்கலாம், அந்தப் புகை கறியில் ஏற வேண்டுமா? புனலூர் பக்கம் ரப்பர் மரத்தூள் மலைமலையாகக் கிடக்கும், அதிலும் ஆசைப்படாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க ரப்பர் பலகைக்கு போரான் மருந்து ஏற்றுவது வழக்கம். சமையலுக்கென்றே விற்கும் ஓக், ஹிக்கரி, ஆப்பிள் மர பெல்லட்டுகளில் ஒன்றை வாங்குங்கள். 110 டிகிரியில் மணிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எரியும், அந்தக் கணக்கையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாரல் தொடங்கிவிட்டால் பெல்லட்டை ஹாப்பரில் விட்டுவைக்கவே கூடாது. ஈரக்காற்றை உறிஞ்சி ஊதி, தூளாகி, திருகுக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சமைத்து முடித்ததும் காலி செய்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். நல்ல பெல்லட் மேலே பளபளவென்று இருக்கும், ஒடித்தால் ‘டக்’கென்று ஒடியும். விரலில் மாவாக உதிர்ந்தால் தூக்கி எறியுங்கள்.

தீ நடுவில் அணைந்துபோனால் உடனே மறுபடி ஆன் செய்யாதீர்கள். கிண்ணத்தில் எரியாமல் குவிந்திருக்கும் பெல்லட் மொத்தமும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆறவைத்து, அள்ளிவிட்டு, பிறகு பற்றவையுங்கள். வெள்ளையாகக் கெட்டிப் புகை வந்தால் கறி கசக்கும். மெல்லிசாக, நீலம் பூத்த மாதிரி வரும்வரை காத்திருந்து கறியை வையுங்கள்.

ஒன்றரைக் கிலோ பிராய்லர் கோழிக்கு என் வழி இது. உப்பு, மிளகு, காஷ்மீரி மிளகாய்த்தூள், தேங்காயெண்ணெய் தடவி 110 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு 190க்கு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோல் ரப்பராக இழுக்கும். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தி 74 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். மாட்டு நெஞ்சுக்கறி என்றால் உள்சூடு 70 டிகிரி வாக்கில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் அப்படி. கிரில் கெட்டுவிட்டதென்று நினைத்துச் சூட்டை ஏற்றாதீர்கள். 95 தொட்டதும் எடுங்கள்.

நாட்டுக்கோழியை மட்டும் இதில் போடாதீர்கள். கொழுப்பு கம்மி, வயசும் கூட, புகையில் காய்ந்து விறகாகிவிடும். அதைக் குழம்புக்கே விடுங்கள்.