பதின்மூன்றாம் சீட்டு மூன்று தடவை வந்தால்?

கேள்வி: எனக்கு வயது 36. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு வருஷமாக, குறி பார்க்கப் பயன்படுத்தும் படச் சீட்டுகளான டாரட் சீட்டுகளைப் படித்து வருகிறேன். ஜோசியம் சொல்லும் எண்ணம் இல்லை. அந்தப் படங்களுக்குள் என்ன இருக்கிறது, அவற்றின் ஆன்மிகப் பொருள் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. தினமும் காலையில் கலைத்து ஒரு சீட்டு எடுத்துப் பார்ப்பேன். போன மாதம் மட்டும் 13ஆம் எண் ‘டெத்’ சீட்டு மூன்று தடவை வந்துவிட்டது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, “எமனைக் கூட்டிவந்து பூஜை அலமாரியில் உட்கார வைத்திருக்கிறாயே” என்று ஒரே சத்தம். எனக்கும் உள்ளூர பயம்தான். ஒரு புத்தகத்தில் எட்டாம் சீட்டு ‘நீதி’ என்கிறார்கள், இன்னொன்றில் ‘வலிமை’ என்கிறார்கள். எபிரேய எழுத்து தெரியாமல் இதைப் படிக்க முடியாது என்கிறது மூன்றாவது புத்தகம். ‘எகிப்தியக் கோயில் ரகசியங்கள்’ என்று ஆன்லைனில் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள், கட்டணம் 18,000 ரூபாய். முன்பணமாக 3,000 கட்டிவிட்டேன், இப்போது யோசனையாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வேறு, மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று பார்த்துச் சொல்லச் சொல்லி நச்சரிக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சியைக் கும்பிடுகிறவள் நான். இதைப் படிப்பது தப்பா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பயத்தை முதலில் பைசல் பண்ணிவிடுவோம். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், கணக்காகவே பார்க்கலாம். சீட்டுக்கட்டில் மொத்தம் 78 சீட்டு. முப்பது நாள், தினம் ஒன்று. அந்த முப்பது நாளில் ஏதோ ஒரு சீட்டு மூன்று தடவையாவது வருவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது. ‘டெத்’ என்று முன்கூட்டியே பெயர் சொல்லி வைத்து, அதுவே மூன்று தடவை வந்தால் அது அபூர்வம்தான், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நீங்கள் அப்படிச் சொல்லி வைக்கவில்லையே! ஆறு கோப்பை உள்ள சீட்டு மூன்று தடவை வந்திருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருப்பீர்களா? எடுத்த சீட்டைக் கட்டின் மேலேயே வைத்து அரைகுறையாகக் கலைக்கும் பழக்கம் இருந்தால், அது திரும்பத் திரும்ப வருவதில் இன்னும் அதிசயமில்லை.

சரி, அந்தச் சீட்டையே கையில் எடுங்கள். பெரும்பாலும் உங்களிடம் இருப்பது 1909இல் லண்டனில் வெளியான கட்டின் மறுபதிப்பாகத்தான் இருக்கும். பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரை. கையில் ஆயுதம் எதுவும் இல்லை, கொடிதான் இருக்கிறது. கறுப்புக் கொடியில் வெள்ளை ரோஜா. குதிரையின் காலடியில் ஒரு ராஜா விழுந்து கிடக்கிறார், கிரீடம் தனியாகக் கிடக்கிறது. மஞ்சள் அங்கி போட்ட மதகுரு கைகூப்பி நிற்கிறார். ஒரு பெண் மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு குழந்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் ஆறு, அதில் ஒரு படகு. இன்னும் தள்ளி இரண்டு கோபுரங்கள், அவற்றின் நடுவே சூரியன். அதே ஜோடிக் கோபுரம் 18ஆம் சீட்டான ‘மூன்’ படத்திலும் வரும், எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் காட்சி திடீரென்று முளைத்ததல்ல. கொள்ளைநோயில் ஊர் ஊராகச் செத்துப்போன ஐரோப்பாவில், சாவு வந்து அரசன், குரு, பெண், பிள்ளை என்று எல்லோரையும் கைபிடித்து அழைத்துப் போவதுபோல் ஓவியம் தீட்டும் வழக்கம் இருந்தது. பாரிஸில் ஒரு கல்லறைத் தோட்டத்துச் சுவரில் 1424–25இல் அப்படித் தீட்டினார்கள். முடி சூடினவனும் கடைசியில் பிடி சாம்பல்தான் என்று நம் சித்தர்கள் பாடியதும் இதைத்தானே? அந்த 1909 சீட்டுக்கட்டை உருவாக்கிய ஆர்தர் எட்வர்ட் வெய்ட், அந்தச் சூரியனை அழியாமையின் சூரியன் என்றும் ரோஜாவை வாழ்வின் அடையாளம் என்றும் எழுதியிருக்கிறார். ஆக, செத்துப்போவீர்கள் என்று சொல்ல வரைந்த படம் இல்லை இது. ராஜா விழுந்த விதம், குரு நின்ற விதம், பெண் திரும்பிய விதம், குழந்தை பார்த்த விதம் ஆகிய நான்கில் நம்முடையது எது என்று கேட்க வைக்கும் படம். உங்கள் ஆன்மிகப் பொருள் என்று ஒன்று இருந்தால் அது இந்த மாதிரிக் கேள்வியில்தான் இருக்கிறது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் இல்லை.

இப்படிப் பார்க்க உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் நீங்கள். எந்தக் கையில் என்ன இருக்கிறது, காலுக்குக் கீழே யார், வாகனம் எது என்று பார்த்துத்தானே சிலையை அடையாளம் சொல்கிறோம்? வெள்ளியம்பலத்து நடராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கி ஆடுகிறவர், மதுரையில் கால் மாற்றி, இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருக்கிறார். ஒரே காலில் நிற்கிறாரே, வலிக்காதா என்று ராஜசேகர பாண்டியன் உருகிக் கேட்டதால் மாற்றிக்கொண்டார் என்பது திருவிளையாடல். கதை தெரியாதவர் அதைக் கடந்து போய்விடுவார். தெரிந்தவருக்கு அந்த ஒரு கால் மாற்றத்தில் ஒரு ராஜாவின் மனசே இருக்கிறது.

டாரட்டிலும் இந்த மாதிரிக் கால் மாற்றம் உண்டு, உங்கள் எட்டாம் சீட்டுக் குழப்பம் அதுதான். பழைய பிரெஞ்சுக் கட்டில் 8 நீதி, 11 வலிமை. 1888இல் லண்டனில் தொடங்கிய ‘கோல்டன் டான்’ என்ற ரகசியச் சங்கத்தார் சீட்டுகளை ராசிகளோடு பொருத்தினார்கள். வலிமைச் சீட்டில் சிங்கம் இருப்பதால் அது சிம்மம், நீதிச் சீட்டில் தராசு இருப்பதால் அது துலாம். ராசி வரிசையில் சிம்மம் முன்னால் வருகிறதே! அதற்காக இரண்டையும் இடம் மாற்றினார்கள். அந்தச் சங்கத்தில் இருந்த வெய்ட் தன் கட்டிலும் அப்படியே அச்சடித்தார். உங்கள் இரண்டு புத்தகமும் சரிதான், வேறு வேறு கட்டைப் பற்றிப் பேசுகின்றன.

எபிரேய எழுத்தும் இதே கதை. 78இல் ‘டெத்’, ‘நீதி’ மாதிரிப் பெயர் உள்ள 22 படங்களைப் பெரிய சீட்டு என்பார்கள். 22 பெரிய சீட்டு, 22 எபிரேய எழுத்து என்ற முடிச்சை 1850களில் விரிவாகப் பரப்பியவர் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர். எந்த எழுத்துக்கு எந்தச் சீட்டு என்பதில் லெவியின் வரிசை வேறு, லண்டன்காரர்கள் வரிசை வேறு. அதை இப்போதே மனப்பாடம் செய்யப் போனால் ஆர்வமே வற்றிப்போகும். ஒதுக்கி வையுங்கள்.

எகிப்துக்கு வருகிறேன். டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், விளையாடுகிற சீட்டாக. மிலான் ஆட்சியாளர்களான விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ட்ஸா குடும்பங்களுக்காகத் தங்கத்தகடு ஒட்டிக் கையால் தீட்டிய கட்டுகளில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிரான்ஸில் இப்போதும் அதைச் சீட்டாட்டமாகவே ஆடுகிறார்கள். 1781இல் கூர் தெ ஜெப்லின் என்ற பாரிஸ் அறிஞர்தான் இது எகிப்தியப் பூசாரிகள் ஒளித்து வைத்த ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்பொலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டியது 1822இல். அதாவது ஜெப்லின் எழுதியபோது அந்த எழுத்தில் ஒரு வரிகூட யாராலும் படிக்க முடியாது! வெய்ட்டே எகிப்துக் கதைக்குத் துளி ஆதாரமும் இல்லை என்று தன் புத்தகத்தில் மறுத்துவிட்டார். பதினெட்டாயிரம் வாங்குகிறவர்கள் அதையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

எகிப்து பொய்யென்றால் ஆன்மிகப் பொருளும் பொய்தானா என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருள் ஒரே நாளில் ஒரே இடத்தில் வைக்கப்பட்டதல்ல, ஒவ்வொரு காலமும் ஒரு கை சேர்த்திருக்கிறது. 12ஆம் சீட்டைப் பாருங்கள், ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறவன். அந்தக் காலத்து இத்தாலியில் துரோகிகளை அவமானப்படுத்த, அவர்கள் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுச்சுவரில் படம் வரைந்து வைப்பார்கள். இந்தச் சீட்டுக்கே ‘துரோகி’ என்ற பழைய பெயர் உண்டு. 1909 கட்டில் அதே ஆளின் தலையைச் சுற்றி ஒளிவட்டம். தொங்குகிற மரத்தில் பச்சை இலை துளிர்த்திருக்கிறது. முகத்தில் வலியே இல்லை, தியானத்தில் இருப்பவன் மாதிரி. ஊர் சிரிக்கத் தொங்கவிட்ட ஆளைச் சுமார் நானூறு வருஷத்தில் ஞானியாக்கிவிட்டார்கள். எகிப்து ரகசியத்தைவிட எனக்கு இதுதான் ஆச்சரியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘வேர்ல்டு’ சீட்டின் மூலைகளில் காளையையும் கழுகையும் பார்த்ததும் நந்தியும் கருடனும் நினைவுக்கு வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே இருக்கும் மனிதன், கழுகு, காளை, சிங்கம் நான்கும் விவிலியத்தில் எசேக்கியேல் கண்ட காட்சியிலும் திருவெளிப்பாட்டிலும் வருகிறவை. பிறகு அவை மத்தேயு, யோவான், லூக்கா, மாற்கு என்ற நான்கு நற்செய்தியாளர்களின் அடையாளங்களாயின. கடையில் கூட வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தோழி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், சட்டென்று சொல்லிவிடுவார். அதனால் நோட்டில் இடது பக்கம் ‘படத்தில் இருப்பது’, வலது பக்கம் ‘எனக்குத் தோன்றியது’ என்று பிரித்து எழுதுங்கள். நந்தி வலது பக்கத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் அவர்கள் படமும் புரியாது, நம் நந்தியும் கைவிட்டுப் போவார்.

தினம் ஒரு சீட்டு எடுப்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். அப்புறம் வெய்ட் எழுதிய விளக்கத்தைப் படியுங்கள். அது காப்புரிமை முடிந்த பழைய நூல், காசில்லாமலே கிடைக்கும். நடை கரடுமுரடாக இருக்கும், பாதி சொல்லிப் பாதி மறைப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் 22 பெரிய சீட்டைச் சுற்றியே நிற்பார்கள். நான் உங்களை மீதி 56 பக்கம் தள்ளுவேன். கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகை. வெய்ட்டின் வழியில் முறையே நெருப்பு, நீர், காற்று, நிலம். பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். அதையெல்லாம் காட்சிகளாக மாற்றியவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். ஐந்து கோப்பைச் சீட்டில் கறுப்புப் போர்வைக்காரன் கவிழ்ந்த மூன்று கோப்பையையே பார்த்து நிற்கிறான். முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பை நிமிர்ந்து நிற்கின்றன, ஆற்றின் மேல் பாலமும் இருக்கிறது. துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை. பெரிய வேலை, சொற்பக் காசு என்று அந்த அம்மாள் 1909இல் ஒரு நண்பருக்கு எழுதினார். 1951இல் வறுமையில் இறந்தார். சீட்டின் கீழ்மூலையில் பாம்பு நெளிவது மாதிரி அவருடைய கையெழுத்துக் குறி இருக்கும், தேடிப் பாருங்கள்.

தப்பா என்று கேட்டீர்கள். அடுத்த மதத்தார் கட்டிய ஆலயத்துக்குள் போய் அங்குள்ள சிற்பத்தைப் பார்த்துவிட்டு வருவது தப்பில்லை என்றால் இதுவும் தப்பில்லை. ஆனால் அத்தை சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. சீட்டுக்கட்டு பூஜை அலமாரியில் எதற்கு? பீரோவுக்கு மாற்றிவிடுங்கள். அவரோடு வாதாட வேண்டாம். ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் உட்கார வைத்து, “இந்தக் குழந்தை ஏன் அத்தை பயப்படாமல் பார்க்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். மார்க்கண்டேயன் கதையை அவரே சொல்லுவார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பார்த்துச் சொல்லாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. கோயில் வீதிகளில் கிளி ஜோசியம் பார்த்திருப்பீர்கள் (கிளியை அடைத்து வைப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் இப்போது குறைந்துவிட்டது). கிளி சீட்டைத்தான் எடுத்துத் தரும், சொல்வதெல்லாம் ஜோசியர், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து. நீங்கள் அந்தப் பெண்ணின் விஷயத்தில் ஆவணி என்று ஒரு வார்த்தை விட்டால், நல்ல வரன் ஆனியிலேயே வந்தாலும் தள்ளிப் போடுவார்கள். அவர் மனசு கேட்கவில்லை என்றால் வழக்கம்போல அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கட்டும். உங்களுக்கு ஏன் அந்தப் பொறுப்பு?

கடைசியாக அந்த 3,000 ரூபாய். வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசினால் கையில் ஒன்றும் நிற்காது. பணம் கட்டிய ரசீது, அவர்களுடைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், திருப்பித் தருவது பற்றி அவர்கள் போட்டிருக்கும் நிபந்தனை மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யலாம்.