டிஷ் ஆன்டெனா டிவியில் ஸ்ட்ரென்த் 85, குவாலிட்டி 30: சில ஹரிசாண்டல் (கிடைமட்ட அலையில் வரும்) சேனல் மட்டும் உடைவதற்கு

டிஷ்ஷைத் தொடாதீர்கள், முதலில் எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் கம்பி முனையில் சிக்னலை வாங்கும் கருவி) திருப்புங்கள். ஸ்கியூ கோணம், அதாவது எல்என்பி தன் அச்சில் திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதே அலைவரிசையில் வரும் வெர்டிகல் (செங்குத்து அலை) சிக்னல் உள்ளே கலந்து இரைச்சலாகிறது. ஸ்ட்ரென்த் அந்த இரைச்சலையும் சேர்த்தே காட்டும், அதை நம்ப வேண்டாம்.

இப்போதைய நிலையைப் பேனாவால் குறித்துவிட்டு, கிளாம்பைத் தளர்த்தி 2 டிகிரி திருப்பி, 5 விநாடி பொறுங்கள். மீட்டர் தாமதமாகத்தான் ஏறும். எஃப்இசி (மொத்த பிட்டில் தகவலுக்கான பங்கு) 5/6 உள்ள சேனலை வைத்துப் பாருங்கள். அதில் 6 பிட்டில் 1 மட்டுமே பிழை திருத்தத்துக்கு, அதனால் முதலில் உடைவது அதுதான். எஃப்இசி 1/2 சேனல் அரைகுறைக் கோணத்திலும் ஓடி ஏமாற்றிவிடும்.

திருப்பியும் குவாலிட்டி அசையவில்லையா? எல்என்பி முனையில் ஹரிசாண்டலுக்கு வேண்டிய 18 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அதுவும் சரியென்றால்தான் டிஷ் போல்ட். 60 செ.மீ. டிஷ்ஷில் 1 டிகிரி பிசகினாலே குவாலிட்டி இறங்கும், இறுக்கும்போதும் நகரும்.